மரபணு மதிப்பெண் நோய்ச் சான்று அல்ல

எச்சில் மாதிரி கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொண்டவர்கள், அதில் கிடைக்கும் தரவுக் கோப்பை இணையத்தில் உள்ள ஏதாவதொரு பகுப்பாய்வுக் கருவியில் ஏற்றிப் பார்க்கிறார்கள். "மனச்சிதைவு நோய் அபாயம்: 90ஆவது சதமானம்" என்று ஒரு வரி வந்து விழுகிறது. அதைப் படித்துத் தூக்கம் தொலைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நோய் வர நூற்றுக்கு 90 வாய்ப்பு என்று அதற்குப் பொருளல்ல. நூறு பேரை இந்த மதிப்பெண்படி நிறுத்தினால் 90 பேர் உங்களுக்குக் கீழே இருப்பார்கள், அவ்வளவுதான். மனச்சிதைவு நோய் வாழ்நாளில் நூறில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. மதிப்பெண் உயர்ந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அது வருவதேயில்லை. 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் காட்டியது. பொதுவாகக் காணப்படும் அத்தகைய மாறுபாடு ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இத்தகைய மதிப்பெண்ணைக் கணக்கிடப் பயன்படும் பிளிங்க், எல்டிபிரெட் போன்ற மென்பொருள்கள் ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு அருமையானவை. தனி ஒருவருக்கு நோயை உறுதிசெய்ய அவை எழுதப்படவில்லை. அடிப்படை ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், நம்மவர் விஷயத்தில் கணக்கு இன்னும் பிசகும்.

கோப்பு கைமாறுவது அடுத்த ஆபத்து. அமெரிக்காவின் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் சொத்தாகப் பேரத்துக்கு வந்தது. உங்கள் கோப்பில் உங்கள் பிள்ளையின் பாதியும் இருக்கிறது. வரன் பார்க்கும் இடத்தில் இப்படியொரு மதிப்பெண் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து தொடர்பான சோதனை வேறு வகை. கார்பமசெபின் என்ற மருந்தைத் தொடங்கும் முன் எச்எல்ஏ-பி 15:02 சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்த மரபணு வகை உள்ள சிலருக்கு அம்மருந்து உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆனால் எந்தக் கருவியின் அறிக்கையைப் பார்த்தும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உண்டா என்பதை ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே தீர்மானிக்க வேண்டும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. மரபணுக் கோளாறைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையெனில் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் செல்லலாம். கோப்பை ஏற்கெனவே ஏற்றியிருந்தால், கணக்கை மூடுவதோடு நிற்காமல், தரவையும் மாதிரியையும் அழிக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

குடும்பத்தில் மனநோய் இருந்து அச்சம் வாட்டினால் மனநல மருத்துவரையோ மரபணு ஆலோசகரையோ பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.