பி.காம். முடித்தாயிற்று: வேலையா, எம்.பி.ஏ.வா? எக்ஸெல்லைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்டில் கடிதம் டைப் செய்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், இன்டர்நெட்டில் உலவுகிறார்கள். எக்ஸெல்லை மட்டும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, ‘இது ஆபீஸ் சமாச்சாரம்’ என்று மூடிவிடுகிறார்கள். ஆனால் லட்சக்கணக்கில் பணம் புழங்கும் முடிவுகள் வீட்டில்தானே எடுக்கப்படுகின்றன? அப்படி ஒரு முடிவுக்கு எக்ஸெல் எங்கள் குடும்பத்தில் எப்படிக் கை கொடுத்தது என்பதை இங்கே சொல்கிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்யலாம்.

கரூரில் இருக்கும் என் அக்காவின் மகள் கடந்த ஆண்டு பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் முடித்தாள். சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. கைக்கு வருவது மாதம் 18,000 ரூபாய். அதே வாரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் சேரவும் இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுக்கு ஹாஸ்டலோடு சேர்த்து 6 லட்சம். “கைக்கு வந்த வேலையை விடாதே” என்றார் அக்கா. “படிக்கிற பிள்ளையைப் படிக்க விடு, கடன் வாங்கிக்கொள்ளலாம்” என்றார் அவர் கணவர். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள மனையை விற்கவும் தயாராக இருந்தார். அவள் என்னைப் பார்த்து, “மாமா, நீங்களே சொல்லுங்க” என்றாள். நான் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

முதலில் ஆறு எண்கள்

புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். ஏ நெடுவரிசையில் விவரத்தையும், பி நெடுவரிசையில் எண்ணையும் டைப் செய்ய வேண்டும். பி1-இல் படிப்புச் செலவு 600000, பி2-இல் கடன் வட்டி 10%, பி3-இல் தவணை மாதங்கள் 84, பி4-இல் இப்போது கிடைக்கும் சம்பளம் 18000, பி5-இல் சென்னையில் ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவு 8000, பி6-இல் ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் சம்பள உயர்வு 8%. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். சதவீதக் குறியை மறக்காதீர்கள். வெறும் 10 என்று போட்டால் எக்ஸெல் அதை 1000 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும்!

இனி வரும் செல்களில் எண்ணை நேரடியாக டைப் செய்யக் கூடாது. எல்லாமே மேலே உள்ள ஆறு செல்களிலிருந்து ஃபார்முலா மூலம் வர வேண்டும். அப்போதுதான் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவையும் தாமாக மாறும்.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ‘மூன்று வருடம் கவலை இல்லை’ என்று பலர் நினைப்பது இதை வைத்துத்தான். தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு இல்லை. முதலாண்டு வாங்கும் 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 90,000. இரண்டாம் ஆண்டு வாங்கும் 3 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 60,000. படிக்கும்போதே இந்த வட்டியைக் கட்டி வராவிட்டால், தவணை தொடங்கும் நாளில் கடன் 7.5 லட்சம் ஆகியிருக்கும். இதை பி8-இல் கொண்டு வரச் சமக்குறி போட்டு, பி1 செல்லை மவுஸால் கிளிக் செய்து, *1.25 என டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

அடுத்து மாதத் தவணை. பி9 செல்லில் கர்சரை வைத்து, ஃபார்முலா பாரை ஒட்டியுள்ள எஃப்.எக்ஸ். பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஃபைனான்சியல் பிரிவில் பி.எம்.டி. என்ற ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். சில பெட்டிகள் வரும். ரேட் பெட்டியில் பி2 செல்லைக் கிளிக் செய்து /12 சேருங்கள் (நாம் கட்டுவது மாதத் தவணை அல்லவா?). என்பெர் பெட்டியில் பி3. பி.வி. பெட்டியில் ஒரு மைனஸ் குறி போட்டு பி8. மைனஸ் போடாவிட்டால் விடை சிவப்பு நிறத்தில் வந்து பயமுறுத்தும். கையை விட்டுப் போகும் பணம் என்று எக்ஸெல் தன் பாணியில் சொல்கிறது, அவ்வளவுதான். ஓகே கொடுத்ததும் எங்களுக்கு வந்த விடை 12,451. ஏழு ஆண்டுக்கு மாதாமாதம் இவ்வளவு!

அக்கா கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ஃபீஸ் மட்டும்தான் செலவா?

எம்.பி.ஏ. போனால் இரண்டு ஆண்டு சம்பளம் கிடையாது. அதற்காக முழுச் சம்பளத்தையும் இழப்பாகக் காட்டுவதும் சரியல்ல. வேலைக்குப் போனாலும் சாப்பிட்டாக வேண்டும். செலவு போக மிஞ்சுவது முதலாண்டு 1,20,000, அடுத்த ஆண்டு உயர்வோடு 1,37,280. ஆக 2,57,280 ரூபாய். இது பி10. இதை 84 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,063 வரும்.

வேலைக்கே போயிருந்தால் நான்காம் ஆண்டில், அதாவது தவணை தொடங்கும் ஆண்டில், சம்பளம் 22,675 ஆகியிருக்கும். இது பி11. பி4-ஐ 1.08-ஆல் மூன்று முறை பெருக்க வேண்டும், 1.08 என்பதையும் பி6-இலிருந்தே எடுங்கள். இப்போது சம்பளம், தவணை, இழந்த சேமிப்பின் மாதப் பங்கு மூன்றையும் பி12-இல் கூட்டுங்கள். 38,189 வந்தது. எம்.பி.ஏ. முடித்து மாதம் 38,189 ரூபாய் கைக்கு வந்தால்தான், படிக்காமல் வேலைக்குப் போனவளோடு அவள் சமமாக நிற்பாள். அதற்கு மேல் வருவதுதான் படிப்பின் லாபம்.

அந்தச் சம்பளம் கிடைக்குமா? கல்லூரியின் கையேட்டில் ‘அதிகபட்சச் சம்பளம்’ மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் சாமர்த்தியக்காரி. முந்தைய ஆண்டு அங்கே முடித்த ஐந்து பேரைத் தேடிப் பிடித்துப் போனில் கேட்டாள். ஆண்டுக்கு 3 லட்சம், 3.2, 3.5, 4, 12 லட்சம். ஆவரேஜ் ஃபங்ஷன் போட்டால் 5.14 லட்சம், நமக்குத் தேவையான 4.58 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. மீடியன் ஃபங்ஷன் போட்டால், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரைப் பார்த்தால், 3.5 லட்சம்தான். அந்த 12 லட்சக்காரர் நான்கு ஆண்டு சாஃப்ட்வேர் அனுபவத்தோடு போய்ச் சேர்ந்தவராம். பட்டம் முடித்த கையோடு சேரும் பெண் தன்னை யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். போதாக்குறைக்கு இவையெல்லாம் சி.டி.சி. கணக்கு. நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். கைக்கு வருவது இன்னும் குறையும்.

இங்கே எக்ஸெல்லின் அருமையான வசதி ஒன்றைச் சொல்ல வேண்டும். கோல் சீக் என்று பெயர். விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கண்டுபிடிக்கச் சொல்வது! டேட்டா டேப்பில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதற்குள் இருக்கிறது (கால்க்கில் டூல்ஸ் மெனுவில்). செட் செல் என்ற இடத்தில் பி12, டு வேல்யூ என்ற இடத்தில் 29167 (3.5 லட்சத்தின் மாதக் கணக்கு), பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் பி1 கொடுங்கள். நொடியில் பி1 ஏறக்குறைய 1,65,000 என்று மாறியது. நடுவில் நிற்கும் மாணவருக்கு அந்தப் படிப்பு கட்டுப்படியாகும் விலை அது. கேட்பதோ 6 லட்சம்.

ஆகவே ‘எம்.பி.ஏ. வேண்டாம்’ என்று பொருளல்ல. டான்செட் எழுதிக் குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் இடம் பிடித்து, மொத்தச் செலவை 2 லட்சத்துக்குள் முடித்தால் பி12 செல் 29,888-க்கு இறங்கிவிடுகிறது. பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் கேட் தேர்வை வேலைக்குப் போன பிறகும் எழுதலாம். வேலை அனுபவத்துக்குப் பல ஐ.ஐ.எம்.கள் மதிப்பெண் தருகின்றன. என்னைக் கேட்டால், எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று தெரியாமல் ‘எம்.பி.ஏ. நல்லதா?’ என்று கேட்பதே வீண்.

சி.ஏ. பற்றியும் பேச்சு வந்தது. பி.காம்.-இல் 55 சதவீதம் வாங்கியவர்கள் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023 முதல் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. செலவும் எம்.பி.ஏ.வைவிட வெகு குறைவு. ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப் முழுநேரம். வேறு வேலை பார்க்க முடியாது. தேர்வு தவறினால் காலம் நீளும். இதற்கு ‘எத்தனை மாதம் தாமதம்’ என்று ஒரு செல் சேர்த்து 6, 12, 18 என்று மாற்றிப் பார்த்தோம். ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் அறுபதாயிரத்துக்கு மேல் சேமிப்பு போனது. ஆடிட்டர் ஆகியே தீருவேன் என்ற வெறி உள்ளவர்களுக்கு இது பெரிய தொகையல்ல. அவளுக்கு அந்த வெறி இல்லை என்று அவளே சொன்னாள். எந்த செல்லிலும் போட முடியாத தகவல் அது.

கடைசியில் வேலையில் சேர்ந்தாள். கூடவே சி.எம்.ஏ. இன்டர்மீடியட்டுக்கும் பதிவு செய்தாள். பட்டதாரிகள் நேரடியாகச் சேரலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். மனை விற்கப்படவில்லை. அக்கா கணவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். ‘எங்கள் வீட்டில் முதல் எம்.பி.ஏ.’ என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர் அவர்.

கோப்பை மட்டும் அவள் அழிக்கவில்லை. முதல் சம்பள உயர்வு 6 சதவீதம்தான் வந்தது என்று பி6 செல்லை மாற்றி எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தாள். பி12 இப்போது 36,901 காட்டுகிறது. அடுத்த நவம்பரில் கேட் எழுதலாமா என்று கேட்டு, பி1 செல்லைக் காலியாக விட்டிருக்கிறாள்.