இரண்டு உயிருக்கு ஒரு மூச்சு

கர்ப்பிணிகள் பலர் நாலு படி ஏறினாலே "மூச்சு வாங்குது" என்பார்கள். வயிறு நெஞ்சை முட்டுகிறது என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் வயிறு வெளியே தெரியும் முன்பே, முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே சிலருக்கு இது தொடங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டி, ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குகிறது.

அதனால் தாயின் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் பாதரச அளவில் 40 மி.மீ.யிலிருந்து 30 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. இந்த வாயு ரத்தத்தில் கரைந்தால் அமிலமாகும். குறைந்தால் ரத்தம் காரப் பக்கம் சாயும். அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். அளவு 7.40-லிருந்து 7.44 வரை ஏறுகிறது. அதற்கு மேல் ஏறாதபடி சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரத்தை வெளியேற்றிச் சரிக்கட்டுகிறது.

இவ்வளவும் குழந்தைக்காக. அதன் நுரையீரலில் காற்று இல்லை, நீர்தான் இருக்கிறது. தன் கரியமில வாயுவை நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடம்தான் அது தள்ளியாக வேண்டும். தொப்புள்கொடித் தமனியில் அந்த வாயுவின் அழுத்தம் சுமார் 50 மி.மீ. தாயிடம் பள்ளம் இருப்பதால் மேட்டு நீர்போல அது தானே இறங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கரியமில வாயு கூடினால் ரத்தம் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும் என்று 1904-ல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் காட்டினார். அந்தக் கழிவு வாயுவைப் பெறும் தாயின் ரத்தம் ஆக்சிஜனை விடுகிறது. கழிவை இறக்கிய குழந்தையின் ரத்தம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. பைகார்பனேட் குறைந்துவிட்டதால், திடீரென்று அமிலம் பெருகினால் சமாளிக்கத் தாயிடம் கையிருப்பு குறைவு. சர்க்கரை நோயுள்ள தாய்க்கு இன்சுலின் போதாமல் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்தால் அவை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கரியமில வாயு 40 மி.மீ. என்பது கர்ப்பமில்லாத, நலமாக உள்ளவருக்கு இயல்பு. கடும் ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிக்கு அது அபாய அறிகுறி.

எலுமிச்சைச் சாறோ ஊறுகாயோ ரத்தத்தை அமிலமாக்கிவிடாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிக்கு விடாத வாந்தியும் வேகமான மூச்சும் வந்தால், சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். கர்ப்பத்தில் அந்த அளவிலும் கீட்டோன் ஏறலாம். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாமல், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.