லினக்ஸ் ஏன் கிராஃபிக்ஸ் கார்டைத் தர மறுக்கிறது?

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளால் எழுப்பி ஓட்டுவது இன்று அதிசயமல்ல. லினக்ஸ் ஓடும் பெட்டியில் கேவிஎம் என்னும் வசதியின் துணையோடு விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக ஏற்றிவிடலாம். வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்றும் உள்ளே இருப்பதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். கெஸ்ட் காணும் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, திரை எல்லாம் பெரும்பாலும் பாவனைப் பொருள்கள். கணக்கெழுத அவை போதும்; வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, விளையாட்டு என்று வந்தால் பாவனைத் திரைக்கு மூச்சுவாங்கும். அப்போது அசல் கிராஃபிக்ஸ் கார்டையே ஹோஸ்ட்டின் கையிலிருந்து எடுத்து கெஸ்ட்டிடம் கொடுக்கிறார்கள். பாஸ்த்ரூ எனப்படும் இந்தக் கைமாற்றத்தை இன்று செய்வது, 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.6 கெர்னலில் சேர்ந்த விஎஃப்ஐஓ. சரியாக அமைந்தால் வேகம் அசல் கணினிக்கு மிக அருகில் நிற்கும். அமையாவிட்டால், புரியாத பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு கெஸ்ட் எழ மறுக்கும். இணையத்தில் கிடைத்த பத்து அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றிப் பார்ப்பது பலரது பழக்கம். அதில் ஏதோ ஒன்று வேலை செய்யும், எது என்று தெரியாது. அந்தப் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை கோளாறின் புலம்பல் அல்ல. ‘இந்தப் பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது’ என்பதற்கு இயந்திரம் தரும் நேர்மையான வாக்குமூலம். அப்படி எடுத்துக்கொண்டு அடியிலிருந்து மேலாகப் படித்தால் பழுது அகப்படும். வாக்குமூலத்தை அடக்கும் அமைப்புகள்தான் ஆபத்தானவை.

அடித்தளம் நினைவகம். வேகமான எந்தக் கார்டும் செயலியைக் கேட்காமல் நினைவகத்தில் நேரடியாக எழுதும், படிக்கும். டிஎம்ஏ என்னும் இந்த உரிமை, கார்டை ஆட்டுவிக்கும் டிரைவர் ஹோஸ்ட்டுக்குள் இருக்கும்வரை சிக்கல் தருவதில்லை. டிரைவர் கெஸ்ட்டுக்குள் போய்விட்டால் கதை வேறு. கெஸ்ட் தன் நினைவகத்தின் தொடக்கம் என்று நம்பும் முகவரி, உண்மையில் ஹோஸ்ட்டின் நினைவகத்தில் எங்கோ நடுவில் இருக்கும். கெஸ்ட் சொன்ன எண்ணை கார்டு அப்படியே நம்பி எழுதினால், ஹோஸ்ட்டின் சொந்தத் தரவின்மேல் எழுதிவிடும். இதைத் தடுக்க நடுவில் நின்று முகவரியை மொழிபெயர்ப்பதும், எல்லை மீறினால் நிறுத்துவதும் ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருள். இன்டெல் இதை விடி-டி என்கிறது, ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்கிறது. எனவே முதல் கேள்வி இந்தக் காவலாளி பணியில் இருக்கிறாரா என்பதே. பயாஸில் இது அணைந்து கிடக்கலாம். இன்டெல் கணினிகளில் பல சமயம் கெர்னலின் தொடக்க வரியிலும் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். ஏஎம்டியில் கெர்னல் தானாகவே எழுப்பிக்கொள்ளும். கெர்னல் பதிவில் காவலாளியின் பெயரே இல்லையென்றால், அதற்கு மேலே எதை மாற்றினாலும் வீண்.

அடுத்த படியில்தான் அதிகம்பேர் இடறுகிறார்கள். கார்டு ஒன்றைத்தான் கேட்டோம். ஆனால் அதன் குழு முழுவதையும் விடுவித்தால்தான் தருவேன் என்கிறது விஎஃப்ஐஓ. குழுவில் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டோடு டிஸ்க் கன்ட்ரோலரோ நெட்வொர்க் கார்டோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடும்பம். தெருவாசலில் ஒரு காவல்காரர். தெருவுக்குப் போவதையும் வருவதையும் அவர் சோதிப்பார். முற்றத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் கிண்ணம் அவர் கண்ணில் படாது. கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸிலும் இப்படித்தான். சாதனங்களை மேலே இணைக்கும் ஒரே பாலத்தின் (பிரிட்ஜ்) கீழ் இருக்கும் இரண்டு சாதனங்கள் மேலே போகாமல் தங்களுக்குள் நேரடியாகத் தரவைக் கொடுத்து வாங்க வழியிருக்கிறது. அந்த வழியை அடைத்து எல்லாவற்றையும் ஐஓஎம்எம்யூ வழியாகவே திருப்பிவிடும் வசதிக்கு ஏசிஎஸ் என்று பெயர். பாலத்தில் ஏசிஎஸ் இல்லையென்றால், அதன் கீழே இருப்பவற்றைப் பிரித்துக் காட்ட கெர்னலுக்கு ஆதாரம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே குழுவாக எழுதிவிடுகிறது. குழு என்பது கெர்னலின் பிடிவாதத்தால் வந்ததல்ல, மதர்போர்டின் கட்டமைப்பு அப்படி. சர்வர் ரகச் செயலிகளில் இந்தப் பிரிவு நன்றாக இருக்கும். வீட்டு ரகத்தில், குறிப்பாக இன்டெல் செயலியிலிருந்தே நேராக வரும் பெரிய ஸ்லாட்டுகளில், நெடுங்காலம் இது இல்லாமலே இருந்தது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலே குழு மாறிப்போவதற்குக் காரணம் இதுதான். ஸ்க்ரூடிரைவர் தீர்க்கும் சிக்கலை பல பேர் கட்டளை வரியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் குறுக்குவழி வந்து நிற்கிறது. ஏசிஎஸ் இல்லாத பாலத்தையும் இருப்பதாக எண்ணிக்கொள் என்று கெர்னலிடம் சொல்லும் ஓவர்ரைடு பேட்ச் ஒன்று உண்டு. அதை 2013இல் எழுதியவர் விஎஃப்ஐஓவை நெடுங்காலம் பராமரித்த அலெக்ஸ் வில்லியம்சன். ஆனால் அது அதிகாரபூர்வக் கெர்னலில் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. சில விநியோகங்கள் தாமாகச் சேர்த்துத் தருகின்றன. போட்டதும் குழுக்கள் அழகாகப் பிரிந்து நிற்கும், கெஸ்ட் எழுந்துவிடும். என் வீட்டுக் கணினி, என் விண்டோஸ், யார் யாரைத் தாக்கப்போகிறார்கள் என்று பயன்படுத்துவோர் கேட்பது நியாயமான கேள்விதான். தாக்குதல் மட்டும்தான் பயமென்றால் அதை ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் சிக்கலுக்கு வில்லன் தேவையில்லை. கெஸ்ட் தன் நினைவகம் என்று நினைத்துச் சொல்லும் முகவரி எண், தற்செயலாக, அதே பாலத்தின் கீழிருக்கும் பக்கத்துச் சாதனத்தின் முகவரி எண்ணோடு ஒத்துப்போகலாம். அப்போது எழுதப்படும் தரவு மேலே காவலாளியிடம் போகாமல் பக்கத்து வீட்டுக்குத் திரும்பிவிடும். அந்தப் பக்கத்து வீடு டிஸ்க் கன்ட்ரோலராக இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிழைச் செய்தி வராது. என்றோ ஒருநாள் கோப்பு கெட்டிருக்கும். காரணம் பாஸ்த்ரூ என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றாது.

சில பாலங்கள் உண்மையில் பிரித்தே வைக்கின்றன, ஏசிஎஸ் என்று அறிவிப்பதில்லை அவ்வளவுதான், கெர்னல் தேவைக்கு மேல் சந்தேகப்படுகிறது என்ற மறுப்பும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. அதற்கு நேரான பாதையும் இருக்கிறது. தயாரிப்பாளர் தன் சிப் பிரித்தே வைக்கிறது என்று உறுதி சொன்னால், அந்த மாடலை விதிவிலக்குப் பட்டியலில் கெர்னல் சேர்த்துக்கொள்ளும். இன்டெல் சிப்செட்கள் பல அப்படித்தான் சேர்ந்தன. சிப்பைச் செய்தவர் தரும் சான்றும், பயனர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ‘இருப்பதாக வைத்துக்கொள்’ என்பதும் ஒன்றல்ல. விஷயம் தெரிந்து, கெட்டாலும் பரவாயில்லை என்ற கணினியில் ஓவர்ரைடு போடுவது அவரவர் விருப்பம். அதைப் பழுதுநீக்கும் முதல் படியாகச் சொல்லித் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

குழு சரியென்றால், மீதிக் கேள்விகளுக்குச் சீக்கிரம் விடை கிடைக்கும். கார்டின் பெயருக்கு நேரே எந்த டிரைவர் நிற்கிறது? விஎஃப்ஐஓ-பிசிஐ நிற்க வேண்டிய இடத்தில் வழக்கமான கிராஃபிக்ஸ் டிரைவர் நின்றால், அது முந்திக்கொண்டது என்று பொருள்; தொடக்கக் கட்டத்திலேயே விஎஃப்ஐஓவை ஏற்ற வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு தனி ஆளல்ல என்பதையும் மறந்துவிடுகிறார்கள். எச்டிஎம்ஐ ஒலிக்கென்று அதில் இன்னொரு பகுதி இருக்கும், சில கார்டுகளில் யூஎஸ்பி கன்ட்ரோலரும் உண்டு; எல்லாம் சேர்ந்தே போக வேண்டும். டிரைவர் சரியாக இருந்தும் ‘இடத்தை ஒதுக்க முடியவில்லை’ என்று வந்தால், கணினி எழும்போது முதல் எழுத்துகளைக் காட்டிய திரைப் பகுதியைக் கெர்னல் இன்னும் விடவில்லை. ப்ராக் கோப்பகத்தில் உள்ள ஐஓமெம் என்ற கோப்பைத் திறந்தால் பிடித்திருப்பவரின் பெயரே எழுதியிருக்கும். நினைவகம் போதவில்லை என்ற செய்தியும் இந்த வகைதான். கார்டு எப்போது எங்கே எழுதும் என்று தெரியாததால், கெஸ்ட்டுக்கு 16 ஜிபி என்று சொல்லியிருந்தால் அத்தனையும் தொடக்கத்திலேயே பூட்டப்படும். கெஸ்ட் பயன்படுத்தாத நினைவகத்தை ஹோஸ்ட் கடன் வாங்கும் வழக்கமான தந்திரம் இங்கே செல்லாது.

இயந்திரத்தின் வாக்குமூலம் நேர்மையானது என்ற வாதத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. விண்டோஸுக்குள் வரும் 43ஆம் எண் பிழை பல ஆண்டுகள் பலரை அலைக்கழித்தது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் டிரைவர், தான் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதை மோப்பம் பிடித்ததும் வேலையை நிறுத்திக்கொண்டது. அதே நிறுவனத்தின் விலை கூடிய குவாட்ரோ கார்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. கேவிஎம் இருப்பதையே கெஸ்ட்டிடமிருந்து மறைத்து வைத்தால் கார்டு ஒழுங்காக ஓடியது. வன்பொருளில் குறையில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 2021 மார்ச்சில், 465 வரிசை டிரைவரோடு, ஜிஃபோர்ஸ் பாஸ்த்ரூவுக்கு என்விடியாவே ஆதரவு அறிவித்தது. இங்கே குறுக்குவழி எந்த எல்லையையும் உடைக்கவில்லை, வணிகக் காரணத்துக்காகப் போட்ட பூட்டைத்தான் திறந்தது. மறுப்பது யார், சிலிக்கானா விற்பனைத் துறையா என்று பார்த்துவிட்டுத்தான் குறுக்குவழியைத் தொட வேண்டும்.

எல்லாம் நடந்து, கெஸ்ட் ஒருமுறை ஓடி, மூடி மறுபடி திறந்தால் திரை கருப்பாகவே நிற்கும் சங்கடம் ஒன்று மிச்சமிருக்கிறது. கைமாறும் கார்டு பழைய நினைவுகளைத் துடைத்துக்கொண்டு புதிதாக எழ வேண்டும். அதற்கான எஃப்எல்ஆர் என்ற மீட்டமைப்பு பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தில் கட்டாயமல்ல. அது இல்லாத கார்டை, பாலத்தின் கீழுள்ள மொத்தத்தையும் மீட்டமைத்து எழுப்பலாம். அதற்கும் அசையாத கார்டுகள் உண்டு. ஏஎம்டியின் போலாரிஸ், வேகா, முதல் நேவி தலைமுறைகள் இதில் பேர்பெற்றவை. ஹோஸ்ட்டையே அணைத்து ஏற்றுவது, அல்லது இதற்கென்றே ஆர்வலர்கள் எழுதிய வெண்டார்-ரீசெட் என்ற கெர்னல் இணைப்பைப் போடுவது என்று காலம் தள்ளினார்கள். இதையெல்லாம் வாங்கும்போதே தெரிந்துகொள்ளலாம் என்றால், மதர்போர்டின் அட்டைப்பெட்டியில் ஆர்ஜிபி விளக்கின் நிறங்களை அச்சிடுகிறார்கள். குழுக்கள் எப்படிப் பிரிகின்றன என்று அச்சிடுவதில்லை. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான பட்டியலைப் பார்த்தால், ஏசிஎஸ் உண்டா என்பதும், எஃப்எல்ஆருக்குப் பக்கத்தில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதும் தெரிந்துவிடும். கூட்டல் குறியையும் முழுதாக நம்புவதற்கில்லை. ஏஎம்டியின் மட்டிஸ் என்னும் செயலித் தலைமுறையில் ஒலி, யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் எஃப்எல்ஆர் உண்டு என்று அறிவித்துவிட்டு, அதைச் செய்யச் சொன்னதும் உறைந்து நின்றன. இவற்றிடம் கேட்காதே என்று கெர்னலில் தனியாகக் குறித்துவைக்க வேண்டியதாயிற்று.