மழைக்கு மட்டும் மக்கர் செய்யும் கார்... பேட்டரியை மாற்றும் முன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்!

‘‘பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவதும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான். மழை பெய்த மறுநாள் ஸ்டார்ட் ஆவதில்லை. நல்ல வெயில் அடித்தால் கோளாறுகள் தானாகவே சரியாகிவிடுகின்றன. ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். என்னதான் காரணம்?’’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மழைக்குக் கெட்டு, வெயிலுக்குச் சரியாகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காருக்குள் புகும் தண்ணீரைத்தான். அதை அடைக்காமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பணம்தான் வீண்.

தண்ணீர் என்ன செய்கிறது?

பல கார்களில் வயரிங் கட்டு, கதவு ஓரமாகத் தரைவிரிப்புக்கு அடியில்தான் ஓடுகிறது. விரிப்பின் அடியில் இருக்கும் பஞ்சு, தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். அந்த ஈரத்தில் கனெக்டர்களின் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். எர்த் கம்பி பாடியில் இணையும் இடம் துருப்பிடிக்கும். இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு மங்கலாக எரிவது, பிரேக் மிதித்தால் பார்க்கிங் விளக்கும் எரிவது எல்லாம் எர்த் கெட்டதற்கான அடையாளங்கள்.

ஈரம் வழியாக மின்சாரமும் கசியும். கார் நிற்கும்போது கசிவு 1 ஆம்பியர் இருந்தாலே, சிறிய கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. பூட்டி அரை மணி நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் கசிவு இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது கசிவு குறைகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு.

எங்கே நுழைகிறது?

மேல்வயல் வரப்பில் எலி வளை இருந்தால், கீழ்வயலில் தண்ணீர் நிற்கும். காரிலும் அப்படித்தான். ஈரம் தெரியும் இடமே ஓட்டை இருக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

* வைப்பருக்குக் கீழுள்ள பள்ளம்: மரத்தடியில் நிறுத்தும் கார்களில் வேப்பிலை, புளிய இலைச் சருகு சேர்ந்து வடிகால் துளைகளை அடைத்துவிடும். தேங்கும் நீர் டேஷ்போர்டு பக்கம் இறங்கும்.

* கதவு: ஸ்பீக்கர் மாட்டும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கலாம். கதவின் அடி வடிகால் துளையில் மண் அடைத்திருக்கலாம்.

* முன் கண்ணாடி, பின்விளக்கு: கண்ணாடி மாற்றியபோது பசை சரியாக ஒட்டாதது, பின்விளக்கின் ரப்பர் வெடித்தது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பாருங்கள்.

* ஏ.சி. வடிகால் குழாய்: மழையே இல்லாமல் இடதுபக்கக் கால் வைக்கும் இடம் நனைகிறதா? ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லையா? குழாய் அடைத்திருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, விரிப்பைத் தூக்கி, காய்ந்த செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் தோட்டத்து ஹோஸில் மெல்லத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, ஓட்டை எது என்று தெரியாது. எஞ்சின்மீது தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள்.

ஓட்டையை அடைத்த பிறகு பஞ்சை முழுவதும் வெயிலில் காயவிடுங்கள். களிம்பு பிடித்த கனெக்டர்களை, எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யலாம். எர்த் முனையைச் சுரண்டி, இறுக்கமாக முடுக்குங்கள். அதன் பிறகும் பேட்டரி நிற்கவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டினால் வயரிங் சூடாகித் தீப்பிடிக்கும். இருக்கைக்கு அடியிலோ ஸ்டீயரிங் பக்கமோ மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதில் கை வைக்க வேண்டாம்.

கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்துப் போங்கள். ஸ்டார்ட் செய்ததால் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கடினம்.

மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால் தூர்வாருகிறோம் இல்லையா? அன்றைக்கே வைப்பருக்குக் கீழே இருக்கும் சருகையும் அள்ளிவிடுங்கள். பத்து நிமிட வேலை. ஒரு பேட்டரி காசு மிச்சம்.