பொன் காட்டும் செந்நிறக் கோடு

திருப்பலிக் கிண்ணத்தின் உட்புறத்தில் பொன்முலாம் மஞ்சளாய் ஒளிரக் காண்கிறோம். அதே பொன்னை, ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் கூறுகளில் இருபது முப்பது அளவேயுள்ள துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாணிக்கம் போல் சிவந்துவிடுகிறது! சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. ஒளி பட்டதும் துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒருங்கே அசைந்தாடிப் பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன, எஞ்சுவது சிவப்பு. இந்நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய பொன்துகள்களே என்று 1857-இல் இலண்டன் அறிஞர் அவையில் எடுத்துரைத்தவர், கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே.

ஆலயச் சாளரங்களின் சிவப்பெல்லாம் பொன்னால் ஆனது என்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பாவின் பழம்பெரும் பேராலயங்களில் அது பெரும்பாலும் செம்பின் வேலை. 14-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே காணும் பொன்மஞ்சளோ, விந்தையாக, வெள்ளித் துகள்கள் தந்தது!

இன்று பொன்துகள் நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டது. கர்ப்பம் அறிய மருந்துக்கடையில் வாங்கும் அட்டைகள் பலவற்றில் தோன்றும் செந்நிறக் கோடு அதுவே. கருவுற்ற தாயின் சிறுநீரில் ஒரு தனி ஹார்மோன் கலந்திருக்கும். அதை மட்டுமே பற்றிக்கொள்ளும் புரதத்தைப் பொன்துகள்மீது பூசி அட்டையில் உலர்த்தி வைத்திருப்பர். சிறுநீர்த் துளிகள் தாளில் ஊறிச் செல்லுகையில், ஹார்மோனைப் பற்றிய துகள்கள் உடன் செல்லும். வழியில் ஓரிடத்தில் வேறொரு புரதம் கோடாக இடப்பட்டுக் காத்திருக்கும். அது ஹார்மோனின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தும். தனித்தனியே நம் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஆயிரமாயிரமாய் அங்கே திரள, சிவப்புத் தெரிகிறது.

திரள வேண்டும் என்பதே இங்குக் கருதத்தக்கது. முதல் நாட்களில் ஹார்மோன் மிகக் குறைவாதலால் கோடு தோன்றாமற் போகலாம். அதைக் கண்டு மனமுடைந்து கண்ணீர் வடிப்போரும் உளர். கருவில்லை என்று துணிந்து, கருவுக்கு ஆகாத மருந்துகளை உட்கொள்வோரும் உளர். இவ்விரண்டாமவரை எண்ணியே நாம் இதனை எழுதுகிறோம். மாதவிலக்கு இன்னும் வரவில்லையாயின், சில நாட்கள் கழித்து, காலையில் முதலிற் கழியும் சிறுநீரில் மீண்டும் சோதிக்க வேண்டும். அதுவரை எம்மருந்தையும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்க. கோடு தோன்றினாலும், கரு கருப்பையில்தான் தங்கியுள்ளதா, கருக்குழாயிலா என்பதை அட்டை சொல்லாது. கடும் வயிற்றுவலியோ இரத்தப்போக்கோ கண்டால் அன்றே மருத்துவமனை செல்க. மாமியாரின் கைவைத்தியத்துக்கு அது நேரமன்று.

2020-இல் பரவிய கொரோனாத் தொற்றை வீட்டிலேயே அறிய வந்த அட்டைகள் பலவும் இம்முறையினவே. அங்கும் கோடு இல்லாமை நோயின்மைக்கு உறுதியன்று.

அட்டையில் மற்றொரு கோடும் உண்டு. சோதனை சரிவர நடந்ததா என்பதைக் காட்டுவது அது. அது தோன்றவில்லையெனில் அவ்வட்டை பயனற்றது. எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குக.