சுளுக்குதானே என்று விட்டுவிடலாமா?

ஆராதனையில் சபையார் எழுந்து நின்று பாடும் வேளையில், ஒரு சகோதரி மட்டும் அமர்ந்தே இருப்பதை மூன்று வாரங்களாகக் கவனித்தேன். மும்பையில் நான்கு வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். இரயில் நிலையப் படிக்கட்டில் கால் பிசகிப் பத்து வாரங்கள் ஆகியிருந்தன. "சுளுக்குதானே ஐயா, எண்ணெய் தேய்த்து ஜெபிக்கிறேன்" என்றார். வீக்கம் அப்போதும் வடியவில்லை. அவருக்காக நானும் ஜெபித்திருந்தேன். எத்தனை நாளாய் வலிக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

பாதம் உட்புறமாய் மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் மூன்று தசைநார்களில் ஒன்றோ பலவோ இழுபடும், அல்லது கிழியும். இதுவே சுளுக்கு. இலேசானது ஓரிரு வாரங்களில் ஆறும். நன்றாய்க் கிழிந்தது ஆறச் சில மாதங்கள் செல்லும். முதல் இரண்டு மூன்று நாட்கள் காலுக்கு ஓய்வு வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணைமேல் காலை உயர்த்தி வைக்கலாம். நம்மவர் உடனே செய்வதோ எண்ணெயிட்டு உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும்தான். அந்நாட்களில் இவை வீக்கத்தை மிகுதியாக்கும்.

எலும்பு முறிந்துள்ளதோ என்று அறிய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதி இன்றும் பயன்படுகிறது. அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலும், கணுக்கால் முட்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பைத் தொட்டால் வலித்தாலும் எக்ஸ்ரே அவசியம். கால் கோணிப்போனாலும், விரல்கள் மரத்துக் குளிர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறு வாரங்களுக்குப் பின்னும் வலி நீடித்தால், அல்லது கால் அடிக்கடி பிசகினால், காரணத்தைத் தேட வேண்டும். தளர்ந்த தசைநார், முதலில் புலப்படாத முறிவு, மூட்டினுள் குருத்தெலும்புச் சேதம், கணுக்காலுக்குப் பின்னே செல்லும் தசைநாண் கிழிதல் எனக் காரணங்கள் பல. சர்க்கரை நோயுள்ளவர்கள் வலி இல்லையென்று இருந்துவிடலாகாது. உணர்வு குன்றிய பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அப்போஸ்தலர் மூன்றாம் அதிகாரத்துச் சப்பாணியின் கரடுகள் பெலன்கொண்டதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், இன்றும் விசுவாசிக்கிறேன். (கணுக்காலை நம் வேதாகமம் கரடு என்றே சொல்லுகிறது.) அதை எழுதிவைத்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை மட்டும் நாம் பிரசங்கிப்பதில்லை.

அச்சகோதரிக்குத் தடையாயிருந்தது விசுவாசமன்று, கூலிதான். ஒருநாள் போகாவிட்டால் ஒரு வீடு கைநழுவும். சயான், கே.இ.எம். முதலிய மாநகராட்சி மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சைப் பிரிவு உண்டு. தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. காத்திருக்கும் நேரமோ மிக அதிகம். ஆகவே சபையின் இரு சகோதரிகள் அன்று அவர் வேலையைப் பகிர்ந்துகொண்டனர்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் கணுக்கால் மூட்டின் குருத்தெலும்பு சேதமடைந்திருப்பது தெரிந்தது. சில வாரங்கள் காலில் பாரம் ஊன்றாதிருந்து, இப்போது பிசியோதெரபி செய்கிறார். தினமும் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கப் பழகுகிறார். வலி தணியாவிடில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். இரண்டு வீடுகளை விட்டுவிட்டார். ஆராதனையில் இன்னமும் அமர்ந்தே பாடுகிறார்.