ஊற்றுப் பேனாவுக்கான செம்மஞ்சள் மைகள்

செம்மஞ்சள் மை அல்லது ஆரஞ்சு மை என்பது ஊற்றுப் பேனாக்களில் நிரப்பி எழுதப்படும் நிற மை வகைகளுள் ஒன்றாகும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே உள்ள எல்லாச் சாயல்களும் இப்பெயரில் அடங்குகின்றன. கண்ணைக் கவரும் நிறம் என்பதால் பலரும் இதனை விரும்பி வாங்குகின்றனர். ஆயினும் வெள்ளைத் தாளில் படிக்கக் கடினமான மைகளும் இவ்வகையில் மிகுதியாக உள்ளன. புட்டியில் அழகாகத் தெரிந்த மை, நோட்டில் எழுதியபின் வெளிறிப்போவது இங்கு அடிக்கடி நேரும் ஏமாற்றமாகும். எனவே செம்மஞ்சள் மையைத் தேர்ந்தெடுக்கும்போது, நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, எழுத்து எவ்வளவு அழுத்தமாகத் தாளில் தெரிகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

படிக்க எளிதாதல்

ஓர் எழுத்தைக் கண் எளிதில் பிரித்தறிய, எழுத்தின் வெளிச்சத்துக்கும் தாளின் வெளிச்சத்துக்கும் இடையே போதிய வேறுபாடு இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்-பச்சை ஒளியை மிகுதியாக உணர்கிறது. செம்மஞ்சள் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 590 முதல் 620 நானோமீட்டர் வரை உள்ளது. இதில் மஞ்சளை நெருங்கும் சாயல்கள் கண்ணுக்கு மிக வெளிச்சமாகத் தெரிவதால், வெள்ளைத் தாளிலிருந்து அவை போதிய அளவு விலகித் தெரிவதில்லை.

கணினித் திரையின் நிறங்களைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வலைப்பக்கங்கள் எல்லோரும் படிக்கத்தக்கனவாக இருக்க டபிள்யூ3சி அமைப்பு வகுத்துள்ள வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற வெளிச்ச வேறுபாடு தேவை. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். திரையில் ‘ஆரஞ்சு’ என்ற பெயரால் வழங்கும் நிறத்துக்கு வெள்ளைப் பின்னணியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 2:1 மட்டுமே. செங்கல் நிறத்தை ஒட்டிய அடர் செம்மஞ்சளுக்கோ ஏறத்தாழ 4.3:1 கிடைக்கிறது. மையும் தாளும் திரையைப் போன்றவை அல்ல. எனினும் இந்த ஒப்பீடு பொதுவான உண்மை ஒன்றைக் காட்டுகிறது. சிவப்பு அல்லது பழுப்பின் பக்கம் சாயும் செம்மஞ்சள் படிக்கத் தகுந்தது; மஞ்சளின் பக்கம் சாய்வது அழகுக்கும் அடிக்கோட்டுக்கும் தகுந்தது.

மஞ்சள் விளக்கொளியில் இந்தச் சிக்கல் கூடுகிறது. அவ்வொளியில் வெள்ளைத் தாளும் மஞ்சளாகத் தெரிவதால் எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு மேலும் குறையும். இரவில் எழுதுபவர்கள், படிப்பவர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சாயல் வகைகள்

செம்மஞ்சள் மைகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது தேர்வுக்கு எளிது.

- மஞ்சள் சார்ந்தவை: செருமனியின் ரோரர் உண்ட் கிளிங்னர் நிறுவனத்தின் ‘ஹெலியந்துஸ்’ (சூரியகாந்தி), இங்கிலாந்தின் டயமைன் நிறுவனத்தின் ‘ஆம்பர்’ போன்றவை. ஓரிரு சொற்களை எடுத்துக்காட்டவும் படம் வரையவும் ஏற்றவை. பக்கம் பக்கமாக எழுத ஏற்றவை அல்ல.
- நடுத்தரமானவை: சப்பானின் பைலட் நிறுவனத்தின் ஐரோஷிசுகு வரிசையிலுள்ள ‘யூ-யாகே’ (மாலைச் செவ்வானம்), டயமைனின் ‘பம்ப்கின்’ (பூசணி), பிரான்சின் எர்பன் நிறுவனத்தின் ‘ஒராஞ்சு ஆந்தியன்’ (இந்திய ஆரஞ்சு), பெலிக்கன் நிறுவனத்தின் எடெல்ஷ்டைன் வரிசையிலுள்ள ‘மாண்டரின்’ போன்றவை. செம்மஞ்சள் என்றதும் மனத்தில் தோன்றும் நிறம் இவற்றிலேயே உள்ளது. இவற்றுள் மாண்டரின் மஞ்சள் பக்கம் சற்றுச் சாய்ந்தது.
- சிவப்பு அல்லது பழுப்பு சார்ந்தவை: ஐரோஷிசுகு வரிசையின் ‘ஃபுயு-காகி’ (பனிக்காலச் சீமைப் பனிச்சைப் பழம்), டயமைனின் ‘ஆட்டம் ஓக்’, ‘ஏன்ஷியண்ட் காப்பர்’ போன்றவை. கடிதம், நாட்குறிப்பு, நீண்ட குறிப்புகள் ஆகியவற்றுக்கு இவையே பொருத்தம்.

ஒரே எழுத்தில் வெளிர் நிறமும் அடர் நிறமும் கலந்து தெரிவது செம்மஞ்சள் மைகளின் தனிச் சிறப்பாகும். கோடு தொடங்கும் இடத்தில் மை மெலிந்தும், முடியும் இடத்தில் தேங்கி அடர்ந்தும் உலர்வதால் இது உண்டாகிறது. அமெரிக்காவின் நூட்லர்ஸ் நிறுவனத்தின் ‘அப்பாச்சி சன்செட்’ இத்தன்மைக்குப் பெயர்பெற்றது. அதில் ஒரே சொல் மஞ்சளில் தொடங்கிப் பழுப்புச் செம்மஞ்சளில் முடிவதைக் காணலாம். ஆனால் கண்ணைக் கவரும் இதே தன்மையால் எழுத்தின் பாதி வெளிறிப்போகவும் கூடும்.

நிப்பின் அகலமும் தமிழ் எழுத்தும்

மை ஒன்றாக இருந்தாலும் நிப்புக்கு ஏற்ப நிறம் வேறாகத் தெரியும். மெல்லிய நிப்பு குறைந்த மையையே தாளில் இடுவதால், நடுத்தரச் செம்மஞ்சள்கூட அதில் வெளிர் மஞ்சளாகத் தோன்றும். அகன்ற நிப்பு மையை மிகுதியாக இடுவதால் நிறம் முழுமையாகத் தெரியும். சப்பானிய நிப்புகள் அதே குறியீடுள்ள ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக ஓர் அளவு மெல்லியவை. ஆகவே செருமானியப் பேனாவின் ‘எஃப்’ நிப்பில் நன்றாகத் தெரிந்த மை, சப்பானியப் பேனாவின் ‘எஃப்’ நிப்பில் வெளிறக்கூடும்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் தனியான இரு இடர்கள் உண்டு. முதலாவது மெய்யெழுத்தின் புள்ளி. மெல்லிய நிப்பில் வெளிர் செம்மஞ்சளால் இட்ட புள்ளி, தாளில் ஏறத்தாழ மறைந்துவிடும். ‘பல்’ என்பது ‘பல’ என்றும், ‘மரம்’ என்பது ‘மரம’ என்றும் படிக்கப்படலாம். இரண்டாவது சுழிகள். ன, ண போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருங்கி அமைந்துள்ளன. நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று மிக அகன்ற நிப்பைப் பயன்படுத்தினால், சிறிய கையெழுத்தில் இச்சுழிகள் மையால் அடைபட்டு, ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். எனவே தமிழில் எழுத நடுத்தர நிப்பும், சிவப்பு அல்லது பழுப்பு சார்ந்த மையும் இணைவதே பெரும்பாலும் நல்ல தேர்வாகும். மெல்லிய நிப்பு மட்டுமே உள்ளவர்கள் இன்னும் அடர்ந்த சாயலை நாட வேண்டும்.

நிப்பின் அகலத்தோடு மை ஓட்டமும் முக்கியமானது. தாராளமாக மை விடும் பேனாவில் செம்மஞ்சள் அழுத்தமாக விழும். சிக்கனமாக விடும் பேனாவில் வறண்டு தெரியும். முன்பு நீல மையில் நன்றாக எழுதிய பேனா, செம்மஞ்சள் மையில் சரியாக எழுதவில்லை என்று தோன்றினால், பழுது பேனாவில் இருக்க வேண்டும் என்பதில்லை. நீலத்தில் மறைந்திருந்த குறைந்த மை ஓட்டம், வெளிர் நிறத்தில் வெளிப்படுகிறது.

தாள்

நகலெடுக்கும் இயந்திரங்களுக்கான மலிவுத் தாள் மையை விரைவாக உறிஞ்சி, பக்கவாட்டிலும் பரவச் செய்கிறது. அதில் செம்மஞ்சள் ஒரே சீரான, சற்று மங்கிய நிறமாக நின்றுவிடும். ரோடியா, டோமோயே ரிவர் போன்ற, மையை எளிதில் உறிஞ்சாத தாள்களில் மை மேற்பரப்பிலேயே உலர்வதால் வெளிர்-அடர் வேறுபாடு நன்றாகத் தெரியும். அதற்கு ஈடாக, உலர்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கை பட்டால் கலையும்.

தாளின் நிறமும் கணக்கில் வரும். வெண்மையான தாளில் செம்மஞ்சள் தூய்மையாகத் தெரியும். பால்நிறத் தாளில் அது இதமாகத் தோன்றினாலும் எழுத்து மேலும் மங்கும். ஆதலால் பால்நிறத் தாளுக்கு அடர் சாயலே ஏற்றது.

சாயமும் நிலைப்புத் தன்மையும்

ஊற்றுப் பேனா மைகளில் பெரும்பாலானவை நீரில் கரைந்த சாயங்களால் ஆனவை. பல செம்மஞ்சள் மைகள் மஞ்சள் சாயத்தையும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புச் சாயத்தையும் கலந்து செய்யப்படுகின்றன. மையொற்றுத் தாளின் ஒரு துண்டில் ஒரு துளி மை வைத்து, அதன் கீழ்நுனியை நீரில் தொடும்படி நிறுத்தினால், ஏறும் நீருடன் சாயங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதைக் காணலாம்.

இவ்வகைச் சாய மைகள் நீர் பட்டால் கரையும். வெயிலில் நாளடைவில் மங்கும். கலந்துள்ள இரு சாயங்களுள் ஒன்று முந்தி மங்கினால் எழுத்தின் நிறமே மாறிவிடும். சிவப்பு மைகளில் நெடுங்காலம் பயன்பட்ட இயோசின் என்னும் சாயம் ஒளியில் விரைவாக மங்குவதற்கு அறியப்பட்டது. வான் கோ தம் ஓவியங்களில் பயன்படுத்திய இயோசின் சார்ந்த சிவப்பு வண்ணம் பல இடங்களில் மங்கிப்போயுள்ளது. ஆகவே பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய பதிவுகளையும், உறை மேல் எழுதும் முகவரியையும் சாதாரணச் செம்மஞ்சள் மையில் எழுதாமல் இருப்பதே நல்லது. அலுவலகப் படிவங்களிலும் தேர்வுத் தாள்களிலும் பெரும்பாலும் நீலம் அல்லது கறுப்பு மையே ஏற்கப்படுகிறது.

பேனாவின் பாதுகாப்பு

ஓவியக் கடைகளில் கிடைக்கும் செம்மஞ்சள் நிறப் புட்டிகள் எல்லாம் ஊற்றுப் பேனாவுக்கு உரியவை அல்ல. தொட்டு எழுதும் பேனாவுக்கும் தூரிகைக்குமான மைகளில் அரக்கு அல்லது அக்ரிலிக் பிசின் கலந்திருக்கும். இவை பேனாவின் உள்ளே உலர்ந்தால், நிப்புக்கு அடியில் மை வரும் நுண்ணிய வழி அடைபட்டு, நீரால் கழுவியும் நீங்காது. புட்டியின் மேல் ஊற்றுப் பேனாவுக்கு ஏற்றது என்ற குறிப்பு இல்லையெனில் அதனைப் பேனாவில் ஊற்றக்கூடாது.

அடர்த்தி மிகுந்த சில செம்மஞ்சள் மைகள், எழுதாமல் வைத்த பேனாவின் நிப்பு மேல் பொருக்குப் போல உலர்ந்து படியும். இதனால் பொதுவாகக் கேடில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். மூடி இறுக்கமாக இல்லாத பேனாவில் இது மிகும். ஒளி ஊடுருவும் உடலுள்ள பேனாவிலும், கன்வெர்ட்டரிலும் செம்மஞ்சள் சாயம் கறையாகத் தங்கக்கூடும். விலையுயர்ந்த தெளிவான பேனாவில் புதிய மையை முதன்முதலில் நிரப்புவதைத் தவிர்க்கலாம்.

மை மாற்றும்போது வெந்நீர் வேண்டாம். சாதாரண நீரால் நிறம் வராத வரை கழுவ வேண்டும். முன்பிருந்த நீலமோ கறுப்போ சிறிதளவு தங்கியிருந்தாலும் செம்மஞ்சள் அழுக்குப் பழுப்பாக மாறிவிடும். அடர் நிறங்களில் தெரியாத இக்கலப்பு, இந்நிறத்தில் உடனே தெரிந்துவிடும்.

வாங்குமுன் சோதித்தல்

கடைகளும் நிறுவனங்களும் காட்டும் நிற அட்டைகளில் மை பெரும்பாலும் பஞ்சாலோ தூரிகையாலோ தடவப்பட்டிருக்கும். அதில் மை தடித்து விழுவதால், நிப்பில் எழுதும்போது கிடைப்பதைவிட நிறம் அடர்த்தியாகத் தெரியும். எனவே தடவிய நிறத்தைப் பார்க்காமல், எழுதிய எழுத்தைப் பார்க்க வேண்டும். முழுப் புட்டி வாங்குமுன் சில மில்லிலிட்டர் மாதிரி கிடைத்தால் பின்வருமாறு சோதிக்கலாம்.

1. அன்றாடம் எழுதும் பேனாவில், அன்றாடம் எழுதும் தாளில், வழக்கமான அளவில் ஐந்தாறு வரிகள் எழுதவும். மெய்யெழுத்துகளும் ன, ண ஆகியனவும் மிகுதியாக வரட்டும்.
2. மை முற்றிலும் உலரும் வரை பொறுக்கவும். ஈரமான நிறமும் உலர்ந்த நிறமும் ஒன்றல்ல.
3. தாளைக் கை நீட்டிய தொலைவில் வைத்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் படித்துப் பார்க்கவும்.
4. கைபேசியில் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கவும். அதில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அந்த மை படிக்கத் தகுந்தது. ஒளிநகல் எடுக்கும்போது எப்படி வரும் என்பதும் இதனால் ஓரளவு தெரியும்.
5. பேனாவை இரண்டு நாள் மூடி வைத்து, மீண்டும் தடையின்றி எழுதுகிறதா என்று பார்க்கவும்.

இச்சோதனையில் மூன்றாவது, நான்காவது படிகளில் தவறும் மையையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தலைப்பு, அடிக்கோடு, ஓரக் குறிப்பு, மாணவர் கட்டுரையில் சிவப்பின் கடுமை இல்லாத ஒரு திருத்தக் குறி ஆகியவற்றுக்கு அது உதவும்.